கோட்டைக் கோவிலில் முதல் கலியாணம்! யேல் துரையின் கதை

1680-ம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ந் தேதி.

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வெள்ளைக்காரன். வயது 31. பெண்ணும் வெள்ளைக்காரிதான். ஆனால் அவளுக்கு அது முதல் கலியாணம் அல்ல. அவள் விதவை. முதல் கணவன் இறந்து சுமார் ஆறு மாதம்தான் ஆகியிருந்தது!

கலியாணம் நடந்த கோவிலும் புத்தம் புதியது. செயின்ட் மேரி தேவாலயம் என்று பெயர். திறப்பு விழா நடந்து ஏழே நாள் ஆகியிருந்தது. சுண்ணாம்பின் ஈரம் கூட முழுதாகக் காய்ந்திருக்காது. அந்தக் கோவிலின் கலியாணப் பதிவுப் புத்தகத்தில் முதலாவதாக ஏறிய ஜோடி இந்த ஜோடிதான்.

பெண்ணுக்குத் தகப்பன் ஊரில் இல்லை. எனவே, கவர்னர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டரே தகப்பன் ஸ்தானத்தில் நின்று, பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் பெயர் எலிகு யேல்.

இந்தப் பெயரை எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. ஜனாதிபதிகள் படித்த இடம். நோபல் பரிசு பெற்றவர்கள் பாடம் சொல்லிக் கொடுத்த இடம். அதற்கு வைத்திருக்கும் பெயர், அன்று கோட்டையில் மாலை... இல்லை, மோதிரம் மாற்றிக்கொண்ட இந்த மாப்பிள்ளையின் பெயர்தான்! அந்தக் கல்லூரிக்கு அவன் கொடுத்த நன்கொடை, சென்னைப் பட்டணத்தில் சேர்த்த செல்வத்தில் ஒரு துளி.

அந்தச் செல்வம் எப்படிச் சேர்ந்தது? அதுதான் கதை.

ஆண்டுக்குப் பத்து பவுன் சம்பளம்

எலிகு யேல் பிறந்தது அமெரிக்காவில். பாஸ்டன் நகரத்தில், 1649-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ந் தேதி. அப்போது அமெரிக்கா தனி நாடு அல்ல; பாஸ்டன் ஆங்கிலேயரின் குடியேற்றம். யேல் குடும்பத்துக்குப் பூர்வீகம் வேல்ஸ் நாடு. குழந்தைக்கு மூன்று வயது ஆனபோது குடும்பம் மூட்டை முடிச்சுகளுடன் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. அதன்பிறகு யேல் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை. அவன் பெயரைத் தாங்கி நிற்கும் கல்லூரியை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை!

இளைஞனான யேல், கிழக்கு இந்தியக் கும்பினியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தான். குமாஸ்தா வேலை. சம்பளம் ஆண்டுக்குப் பத்து பவுன். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு!

1672-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைக் கடற்கரையில் வந்து இறங்கினான். அந்தக் காலத்தில் இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நிற்கும். கரையில் இருந்து மசூலாப் படகு போகும். ஆணி அடிக்காமல், கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. நம் மீனவர்கள் அதை அலைமேல் ஏற்றி இறக்கி, வெள்ளைக்காரத் துரைகளை நனைந்த கோழிகளாகக் கரை சேர்ப்பார்கள். படகு கவிழ்ந்தால் கட்டுமரக்காரர்கள்தான் கதி.

அன்றைய சென்னை மிகச் சின்னது. கும்பினி இங்கே இடம் வாங்கி 33 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கோட்டையும் அதை ஒட்டிய வீடுகளும் வெள்ளையர் பட்டணம். அதற்கு வடக்கே, இன்று ஐகோர்ட்டு இருக்கும் இடத்தில் நெசவாளர்களும், வியாபாரிகளும், சாயம் போடுகிறவர்களும் வாழ்ந்தார்கள். அது கருப்பர் பட்டணம். திருவொற்றியூர், வியாசர்பாடி எல்லாம் 1708-ம் ஆண்டில்தான் கும்பினிக்குக் கிடைத்தன. பெரம்பூரும் வேப்பேரியும் 1742-ல் வந்தன. யேல் வந்த நாளில் பெரம்பூர் பக்கத்துக் குடியானவனுக்குக் கும்பினி என்றால் கடற்கரையில் கொடி பறக்கும் ஒரு கோட்டை. அவ்வளவுதான்!

குடையிலும் அந்தஸ்து

கோட்டைக்குள் வாழ்க்கை எப்படி?

பாதி மடம், பாதி சாராயக்கடை!

காலையும் மாலையும் ஜெபத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் அபராதம். இரவில் கோட்டைக் கதவு சாத்தியபிறகு வெளியே தங்கினால் தண்டனை. கெட்ட வார்த்தை பேசினால் அபராதம். ஒருவன் ஒரு வேளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்றுகூடச் சட்டம் போட்டிருந்தார்கள். சட்டம் போட்டார்கள் என்றாலே, என்ன நடந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்!

சாராயம், சர்க்கரை, எலுமிச்சம்பழச் சாறு, தண்ணீர், வாசனைச் சரக்கு ஆகிய ஐந்தையும் கலந்து ஒரு பானம் செய்வார்கள். "பஞ்ச்" என்று அதற்குப் பெயர். ஐந்து என்ற நம் நாட்டுச் சொல்லில் இருந்து வந்த பெயர் என்பார்கள். ஊரில் இதை விற்பதற்கென்றே கடைகள் இருந்தன.

பகல் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தி. கவர்னர் நடுநாயகமாக இருப்பார். அவருக்கு அடுத்தவர் இங்கே, அதற்கு அடுத்தவர் அங்கே என்று பதவிப்படி நாற்காலி. கடைசியில் உட்காருகிறவன் எழுத்தர். நம் கிராமத்துக் கலியாணப் பந்தியில் சம்பந்தி வீட்டார் இலைக்கு நடக்கும் சண்டை எல்லாம் அங்கேயும் நடந்தது.

குடையிலும் அந்தஸ்து உண்டு. வேலைக்காரன் பின்னால் நடந்து குடை பிடித்து வரும் உரிமை எல்லோருக்கும் கிடையாது. பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். சின்ன எழுத்தர் வெயிலில் காயவேண்டியதுதான்.

பெண்கள் மிகக் குறைவு. இங்கிலாந்தில் இருந்து பெண்கள் வருவது அபூர்வம். கும்பினி ஒரு காலத்தில் பம்பாய்க்குக் கப்பலில் ஆங்கிலப் பெண்களை அனுப்பிப் பார்த்தது. அது பெரிதாகப் பலிக்கவில்லை. எனவே, சென்னையில் ஒரு வெள்ளைக்காரன் இறந்தால், அவன் விதவை நீண்ட நாள் விதவையாக இருக்கமாட்டாள். மாதக் கணக்கில் மறுமணம் நடந்துவிடும். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. காய்ச்சலும் பேதியும் யாரை எப்போது கொண்டுபோகும் என்று யாருக்கும் தெரியாத ஊர் அது.

கேதரின் கதையும் அப்படித்தான். அவள் முதல் கணவன் ஜோசப் ஹின்மர்ஸ், கவர்னருக்கு அடுத்த பதவியில் இருந்தவன். வசதி உள்ளவன். 1680-ம் ஆண்டு மே மாதம் இறந்தான். நவம்பரில் கேதரின், யேலின் மனைவி ஆனாள். ஹின்மர்ஸ் விட்டுப்போன சொத்தும் பிள்ளைகளும் அவளோடு வந்தார்கள்.

எழுத்தராக வந்தவன் கையில் இப்போது முதல் இருந்தது. கும்பினிக்காரர்கள் ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பக்கூடாது. ஆனால் ஆசியாவில் துறைமுகத்துக்குத் துறைமுகம் சொந்த வியாபாரம் செய்யலாம். யேல் விடுவானா? கோல்கொண்டா வைரம், சென்னைத் துணி, சயாம் நாட்டுச் சரக்கு என்று அவன் வியாபாரம் வளர்ந்தது. பத்து பவுன் சம்பளக்காரன் பட்டணத்தின் பெரிய பணக்காரர்களில் ஒருவனாகிவிட்டான்.

கவர்னர் யேல்

1687-ம் ஆண்டு ஜூலை மாதம் யேல் கவர்னர் ஆனான். வந்து பதினைந்தே ஆண்டுகள்!

அந்த ஆண்டு கும்பினியின் லண்டன் முதலாளிகள் ஒரு விசித்திரமான உத்தரவை அனுப்பினார்கள். கோட்டைச் சிப்பாய்கள் இந்த நாட்டுப் பெண்களைக் கலியாணம் செய்துகொள்வதை ஊக்கப்படுத்தவேண்டும் என்பது உத்தரவு. அதற்குப் பரிசும் வைத்தார்கள். குழந்தை பிறந்து ஞானஸ்நானம் கொடுக்கும் நாளில், தாய்க்கு ஒரு வராகன்!

ஏன் இந்தத் தாராளம்? அதில் கணக்கு இருந்தது. இங்கிலாந்தில் இருந்து ஒரு சிப்பாயைக் கொண்டுவரச் செலவு அதிகம். வந்தவன் சாகவும் செய்வான். இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகள் நாளைக்குக் கோட்டைக்குக் காவல் இருப்பார்கள். இன்னொரு பயமும் இருந்தது. சிப்பாய்கள் ஏற்கெனவே போர்ச்சுகீசியப் பரம்பரைப் பெண்களை மணந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண்கள் கத்தோலிக்கர்கள். கலியாணத்தைக் கத்தோலிக்கப் பாதிரியார் நடத்திவைப்பார். பிறக்கும் பிள்ளைகள் கத்தோலிக்கர் ஆகிவிட்டால், சண்டை வந்தால் யார் பக்கம் நிற்பார்கள் என்பது கும்பினியின் கவலை.

ஆக, ஒரு வராகன் கொடுத்து உறவை வளர்த்தார்கள். அப்படிப் பிறந்த பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒரு சமூகமே உருவாயிற்று. அவர்கள்தான் ஆங்கிலோ-இந்தியர்கள். பெரம்பூர்வாசிகளுக்கு அவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியது இல்லை. 1856-ல் பெரம்பூரில் ரெயில்வே தொழிற்சாலை தொடங்கியபிறகு, என்ஜின் ஓட்டியவர்களிலும் பட்டறை மேற்பார்வை பார்த்தவர்களிலும் பலர் ஆங்கிலோ-இந்தியர்கள். ரெயில்வே குடியிருப்புகளில் அவர்கள் வீட்டுக் கலியாணம் என்றால் நடனமும் பாண்டு வாத்தியமும் அமர்க்களப்படும். சுதந்திரத்துக்குப் பிறகு பல குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. பெரம்பூரை மறக்காத குடும்பங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன.

சீனாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே காண்டன் நகரத்தில் வெள்ளைக்காரர்கள் வியாபாரம் செய்யலாம். ஆனால் மனைவியை அழைத்துவரக்கூடாது என்பது சீன அரசாங்கத்தின் கட்டளை. பெண்டாட்டி பிள்ளைகளைப் போர்ச்சுகீசியரின் மக்காவ் நகரத்தில் விட்டுவிட்டு, பருவ காலத்தில் மட்டும் தனியாகக் காண்டனுக்குப் போய் வருவார்கள். 1830-ல் கும்பினியின் தலைவர் ஒருவர் தம் மனைவியைத் துணிந்து அழைத்துப் போனார். பெரிய ரகளை ஆகிவிட்டது! பெண் வந்தால் வெள்ளைக்காரன் நிரந்தரமாகத் தங்கிவிடுவான் என்று சீனர்கள் நினைத்தார்கள். சென்னைக் கோட்டையைப் பார்த்தால், அந்த நினைப்பு தப்பு என்று சொல்ல முடியாது.

நான்கு வயது மகன்

யேலுக்கும் கேதரினுக்கும் மூன்று பெண்கள், ஒரே ஒரு ஆண். ஆண் குழந்தைக்குத் தாத்தாவின் பெயரை வைத்து டேவிட் என்று அழைத்தார்கள்.

1688-ம் ஆண்டு ஜனவரி மாதம் டேவிட் இறந்துவிட்டான். நான்கு வயதுகூட நிரம்பவில்லை. தகப்பன் கவர்னர் பதவி ஏற்று ஆறே மாதம்.

வெள்ளைக்காரர்களின் இடுகாடு அப்போது கருப்பர் பட்டணத்தை ஒட்டி இருந்தது. ஹின்மர்ஸை அங்கேதான் புதைத்திருந்தார்கள். அதே இடத்தில், தன் தாயின் முதல் கணவன் பக்கத்தில், டேவிட்டை அடக்கம் செய்தார்கள். மேலே கூர்ந்து உயரும் ஒரு கல்லறை எழுப்பினார்கள்.

பணம் வந்தது. பதவி வந்தது. ஆனால் யேலின் குடும்பம் அதன்பிறகு நிலைக்கவில்லை. 1689-ல் கேதரின் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டாள். யேல் இங்கேயே இருந்தான்.

தனியாக இருக்கவில்லை! வைர வியாபாரத்துக்காகச் சென்னைக்கு வந்த யூதர்களில் ஒருவன் பைவா. அவன் 1687-ல் இறந்தான். அவனுடைய விதவை ஜெரோனிமா, கவர்னரோடு வாழத் தொடங்கினாள். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். சார்லஸ் என்று பெயர். கோட்டைக்குள் வாய்கள் சும்மா இருக்குமா? கும்பினி ஊழியன் ஒருவனின் மனைவி நிக்ஸ் அம்மாளும் கவர்னரின் தோட்ட வீட்டில் இருந்தாள். அவள் யேலின் வியாபாரக் கூட்டாளி என்றும், கும்பினிச் சரக்கில் கைவைத்தாள் என்றும் புகார் கிளம்பியது.

முதல் கலியாணத்துக்குக் கோவிலில் கூடி நின்று வாழ்த்திய அதே கூட்டம், இப்போது பந்தியில் உட்கார்ந்து கவர்னரின் வீட்டு விவகாரத்தை மென்றுகொண்டிருந்தது.

ஒவ்வொரு கப்பலிலும் பத்துப் பேர்

இனி வருவது படிக்கக் கசப்பான பகுதி.

1687-ல் இந்தப் பகுதியில் கொடிய பஞ்சம். பக்கத்தில் கோல்கொண்டா ராஜ்யத்தை அவுரங்கசீப்பின் படை விழுங்கிக்கொண்டிருந்தது. சோறு இல்லை. பெற்றவர்களே பிள்ளைகளை விற்றார்கள். விற்க ஆள் இருந்தால், வாங்கவும் ஆள் இருந்தது. பிள்ளைகளைத் திருடி விற்கும் கும்பலும் கிளம்பிவிட்டது.

சென்னைக் கடற்கரையில் இருந்து மனிதர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். துணி மூட்டைகள் போன அதே மசூலாப் படகில் ஆணும் பெண்ணும் குழந்தைகளும் போனார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல் ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றி, செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்பவேண்டும் என்று யேலின் சபை உத்தரவு போட்டது. அட்லாண்டிக் கடலின் நடுவில் இருக்கும் தீவு அது. பிற்காலத்தில் நெப்போலியனைச் சிறைவைத்த தீவு. அங்கே கும்பினியின் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் தேவைப்பட்டது.

அந்தப் படகில் ஏறியவர்களில் எத்தனை பேர் தமிழர்கள்? அவர்கள் பெயர் என்ன? எந்த ஊர்? ஒரு கலியாணத்துக்குச் சாட்சி யார், தோழிகள் யார் என்று எழுதிவைத்த கோட்டைக் குமாஸ்தாக்கள், இவர்களை வெறும் எண்ணிக்கையாக எழுதினார்கள்.

1688-ம் ஆண்டு மே மாதம் சபையே அடிமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மனம் இரங்கியா? புதிதாக நாட்டைப் பிடித்த மொகலாய அதிகாரிகளுக்கு இந்த வியாபாரம் பிடிக்கவில்லை. அவர்களைப் பகைத்துக்கொள்ளக் கும்பினி விரும்பவில்லை. பஞ்சமும் தணிந்து, மலிவாக ஆள் கிடைப்பதும் நின்றுகொண்டிருந்தது. தடைக்குப் பின்னும் இந்த வியாபாரம் சென்னைக் கரையை விட்டு அடியோடு ஒழிந்துவிடவில்லை.

யேல் தன் குதிரைக்காரனைச் சொல்லாமல் குதிரை ஏறிப் போன குற்றத்துக்காகத் தூக்கில் போட்டான் என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. சரித்திர ஆசிரியர்கள் அதை நம்பவில்லை. நம்பவேண்டிய அவசியமும் இல்லை. கோட்டைச் சபையின் சொந்தப் பதிவுப் புத்தகங்களில் இருப்பதே போதும்.

நகரசபையும் பீரங்கிக் குண்டும்

யேல் காலத்தில் நடந்த வேறு இரண்டு காரியங்களையும் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, சென்னை நகரசபை. 1688-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 29-ந் தேதி அது தொடங்கியது. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். இங்கிலாந்துக்கு வெளியே ஆங்கிலேயர் ஏற்படுத்திய பழைய நகரசபைகளில் இதுவும் ஒன்று. மேயருக்குக் கீழே பன்னிரண்டு பேர். அதில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், போர்ச்சுகீசியர், யூதர் எல்லோரும் இருந்தார்கள். நம்மவர் மூன்று பேர். அவர்களில் ஒருவர் ஆலங்காத்த பிள்ளை. தங்கசாலைத் தெரு ஏகாம்பரேசுவரர் கோவில் அவர் கட்டியது என்று சொல்வார்கள். ஜனங்களுக்கு உரிமை கொடுப்பது அல்ல கும்பினியின் நோக்கம். வரி வசூலிக்கக் கூட்டாளிகள் வேண்டும், அதுதான்.

இன்னொன்று, கடலூர்க் கோட்டை. 1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை யேல் விலைக்கு வாங்கினான். விலையில் ஒரு வேடிக்கை. கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டால், குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் கும்பினிக்குச் சொந்தம்! கும்பினிக்காரர்கள் இருப்பதில் நல்ல பீரங்கியாகப் பார்த்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் "குண்டு கிராமம்" ஆயின. கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள். வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் டேவிட். இறந்துபோன மகனின் பெயரும் டேவிட். யாரை நினைத்து வைத்தான் என்பது யேலுக்குத்தான் தெரியும்.

வந்தது வினை

சபையில் இருந்தவர்கள் யேல்மேல் புகார்க்கடிதங்களாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சொந்த வியாபாரத்துக்காகக் கும்பினியை ஏமாற்றுகிறான், தன் தம்பி தாமஸுக்குச் சலுகை காட்டுகிறான், யாரையும் மதிப்பதில்லை, தன் இஷ்டத்துக்கு ஆட்சி நடத்துகிறான் என்றெல்லாம் குற்றச்சாட்டு. கப்பல் போய், பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். பதில் வந்தபோது யேலின் பதவி போய்விட்டது!

1692-ம் ஆண்டு அக்டோபரில் ஹிக்கின்சன் கவர்னர் ஆனார். யேல் உடனே ஊருக்குப் போக முடியவில்லை. கணக்கு வழக்கு முடியவேண்டும். ஒருகாலத்தில் ஊரை ஆண்டவன், அதே ஊரில் ஏழு ஆண்டுகள் வழக்காளியாகக் காத்துக்கிடந்தான். கடைசியில் 1699-ல் கப்பல் ஏறினான். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் பத்து பவுன் சம்பளத்துக்கு வந்தவன், பெரும் செல்வத்தோடு போனான்.

ஜெரோனிமா அவனோடு லண்டனில் வாழவில்லை. அவளும் மகன் சார்லஸும் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போய்விட்டார்கள். இருவரும் அங்கேயே இறந்தார்கள். யேலின் இரண்டு ஆண் பிள்ளைகளில் ஒருவன் சென்னையில், மற்றவன் கேப் டவுனில். வாரிசு இல்லை.

பெண்களுக்கு மட்டும் பெரிய இடத்தில் கலியாணம் நடந்தது. ஒருத்தி டெவன்ஷயர் பிரபுவின் மகனை மணந்தாள். சென்னைக் கோட்டைப் பெண் பிரபு வீட்டு மருமகள் ஆனாள்! இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் இப்படி நடப்பது அதிசயம் அல்ல. இந்தியப் பணத்தின் மதிப்பு அப்படி.

ஒன்பது மூட்டைச் சரக்கு

லண்டனில் யேல் வைர வியாபாரம் செய்தான். படங்கள், கடிகாரங்கள், மோதிரங்கள், நாற்காலிகள் என்று கண்டதை எல்லாம் வாங்கி வீட்டை நிரப்பினான். அவன் இறந்தபிறகு அவற்றை ஏலம்போட்டு முடிக்க வருஷக் கணக்கில் ஆயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்தச் சமயத்தில் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி தத்தளித்துக்கொண்டிருந்தது. 1701-ல் தொடங்கிய கல்லூரி. பாதிரிமார்களுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கும் இடம். நியூ ஹேவன் ஊரில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பணம் இல்லை. காட்டன் மாதர் என்ற பாஸ்டன் பாதிரியார் யேலுக்குக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் போனாலும் பெயர் நிலைக்க ஒரு வழி உண்டு. கல்லூரிக்கு உங்கள் பெயரை வைக்கலாம் என்று ஆசை காட்டினார். ஆண் வாரிசு இல்லாத கிழவரிடம் எதைச் சொன்னால் வேலை ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1718-ல் யேல் ஒன்பது மூட்டைச் சரக்கு அனுப்பினான். 417 புத்தகங்கள். ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. மூட்டைகளில் மஸ்லின், காலிகோ முதலான துணிகள். அவற்றை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கல்லூரிக்கு யேல் கல்லூரி என்று பெயர் சூட்டினார்கள். மேலும் பெரிய தொகை வரும் என்று எதிர்பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் வரவில்லை!

562 பவுனுக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் உள்ள பெயர் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. வியாபாரியாக அவன் செய்த பேரங்களில் இதுதான் மிகவும் லாபமானது. 1887-ல் கல்லூரி பல்கலைக்கழகம் ஆனது. இன்று உலகத்தின் பணக்காரக் கல்வி நிலையங்களில் ஒன்று.

1721-ம் ஆண்டு ஜூலை மாதம் 8-ந் தேதி யேல் லண்டனில் இறந்தான். வேல்ஸ் நாட்டின் ரெக்ஸம் ஊரில், மாதா கோவில் வாசலில் அவன் சமாதி இருக்கிறது.

கழுத்தில் வளையம்

யேலின் படம் ஒன்று பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. யேல் மேஜையருகே உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் சம்பந்தி வீட்டுப் பிரபுக்கள். மேஜைமேல் மதுக் கிண்ணங்கள். மூலையில் ஒரு கறுப்புச் சிறுவன் ஏவலுக்கு நிற்கிறான். அவன் கழுத்தில் பூட்டுப்போட்ட உலோக வளையம்!

அந்தப் படத்தை 2020-ல் சுவரில் இருந்து இறக்கினார்கள். சிறுவன் யார் என்று ஆராய்ந்தார்கள். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 2022-ல், சிறுவனைப் பற்றிய விளக்கத்தோடு படத்தைத் திரும்ப மாட்டினார்கள். 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 16-ந் தேதி, அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்புகளுக்காக யேல் பல்கலைக்கழகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

செயின்ட் மேரி தேவாலயம் கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது. நான்கடி கனச் சுவர். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி வளைத்துக் கட்டிய கூரை. உச்சியில் தெரியும் கோபுரம் யேல் கலியாணத்தின்போது கிடையாது, பின்னால் எழுந்தது. 1753-ல் ராபர்ட் கிளைவுக்கு இங்கேதான் கலியாணம் நடந்தது.

டேவிட்டைப் புதைத்த இடுகாடு இப்போது இல்லை. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகை போட்டபோது, அந்தக் கல்லறைகளின் பின்னால் மறைந்து நின்று சுட்டார்கள். சண்டை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் கல்லறைகளை இடித்துத் தள்ளினார்கள். பெயர் பொறித்த கற்களை மட்டும் கொண்டுபோய் தேவாலயத்தின் முற்றத்தில் தரையாகப் பதித்தார்கள். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இன்றும் அவற்றின்மேல்தான் நடக்கிறார்கள்.

ஹின்மர்ஸ், டேவிட் இருவரின் கல்லறையை மட்டும் விட்டுவைத்தார்கள். அதைச் சுற்றி ஐகோர்ட்டும் சட்டக் கல்லூரியும் எழுந்தன. 1921-ல் அது பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆயிற்று. வக்கீல்களுக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று, அந்தக் கல்லறையை வேறு இடத்துக்கு மாற்றக் கோரி வழக்கு வந்தது. 2023-ல் அதை மாற்றும்படி ஐகோர்ட்டு உத்தரவிட்டது. நான்கு வயது நிரம்பாத பிள்ளைக்கு, 335 ஆண்டுகளுக்குப் பிறகு, கோர்ட்டில் ஒரு வழக்கு!